பார்த்ததை மட்டும் எழுதியவர்

அந்த டாக்டரை எனக்குப் பிடிக்காது. அவர் காலமாகிப் பல வருஷம் ஆகியிருக்கலாம். எனக்கே கைத்தடி வந்துவிட்டது. ஆனாலும் அவரை நினைத்தால் முதலில் வருவது எரிச்சல்தான். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான் வரும்.

கொல்லிமலையில், வளப்பூர் நாட்டுப் பக்கம் இருந்த ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். ஆஸ்பத்திரி என்றால் ஓடு வேய்ந்த மூன்று அறைகள். அப்போது மலைக்கு ரோடு கிடையாது. சேந்தமங்கலத்திலிருந்து அடிவாரம் வந்து, அங்கிருந்து நடந்துதான் ஏற வேண்டும். மருந்தும் தபாலும் தலைச்சுமையாக வரும். டாக்டர்களும் நடந்துதான் வருவார்கள். வந்த ஆறு மாதத்தில் யாரையாவது பிடித்து மாற்றல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். இவர் மட்டும் நாலு வருஷம் இருந்தார். கீழே எந்த ஊரும் இவரைக் கேட்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஆள் நெடுநெடுவென்று இருப்பார். பேசும்போது எதிரில் இருப்பவரைப் பார்க்க மாட்டார். கண்ணாடியைக் கழற்றி, கட்டுத்துணியில் துடைத்துக்கொண்டே பேசுவார். ஆனால் ஒரு புண்ணையோ வீக்கத்தையோ பார்க்க ஆரம்பித்தால் கண்ணெடுக்க மாட்டார். கூட வந்தவர்கள் வாசலுக்குப் போய் வெற்றிலை போட்டுவிட்டுத் திரும்பி வரும்போதும் அதே இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

எனக்குச் சொந்த ஊர் சேந்தமங்கலம். மலைக்காரர்கள் என்னை பாய் என்பார்கள். மாதத்துக்கு இரண்டு வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குக் கீழே இறங்கிப் போய்வர லீவு கேட்பேன். லீவை மறுக்க மாட்டார். ஆனால் நோட்டில் எழுதுவார்: ‘தொழுகைக்குப் போவதாகச் சொல்கிறார்.’ முதல் தடவை அதைப் படித்தபோது எனக்கு முகம் சுண்டிப்போயிற்று.

“ஏன் சார், நான் பொய் சொல்றேன்னு நினைக்கிறீங்களா?”

“அப்படி எங்கே எழுதியிருக்கேன்?”

“சொல்கிறார்னு இருக்குதே சார்.”

“நீங்க சொன்னீங்க. அதை நான் கேட்டேன். பள்ளிவாசல்ல உங்களை நான் பார்க்கலை.”

அவருடைய குணம் எல்லாம் இதில் அடங்கும். பார்த்ததை எழுதுவார். பார்க்காததை எழுத மாட்டார். மருத்துவச் சான்றுக்கு ஒரு பாரம் உண்டு. ‘என் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரை இது உண்மை’ என்று அதன் அடியில் இங்கிலீஷில் அச்சடித்திருக்கும். கையெழுத்துப் போடுமுன் ‘நம்பிக்கை’ என்ற வார்த்தையை ஸ்கேல் வைத்து அடித்துவிடுவார். ஒவ்வொரு பாரத்திலும்.

ஒருநாள் பள்ளிக்கூட வாத்தியார் வந்தார். அதற்கு முந்தின வாரம் நாலு நாள் காய்ச்சலில் கிடந்தவர். மலை முழுக்கத் தெரியும். நானே கஷாயம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். டாக்டர் அப்போது கீழே கோர்ட்டில் சாட்சி சொல்லப் போயிருந்தார். லீவுக்குச் சான்று கேட்டார் வாத்தியார். டாக்டர் அவர் நாக்கைப் பார்த்தார், நாடி பார்த்தார், ‘இன்று இவருக்குக் காய்ச்சல் இல்லை’ என்று எழுதிக் கொடுத்தார். வாத்தியார் அதை வாசல்படியிலேயே நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டுப் போனார்.

அதையாவது சிரித்து மறக்கலாம். பலாக்காய் இறக்கப் போன ஒருவன் மரத்திலிருந்து விழுந்து செத்தான். கூட இருந்தவன் அண்ணன் ஒருவன்தான். பிணத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மணியக்காரர் ஒரு சான்று கேட்டார். மரத்திலிருந்து விழுந்து இறந்தான் என்று ஒரு வரி, அவ்வளவுதான். டாக்டர் எழுதினார்: ‘கழுத்தெலும்பு முறிந்திருக்கிறது. எப்படி முறிந்தது என்று எனக்குத் தெரியாது.’ அந்த ‘தெரியாது’வைப் பிடித்துக்கொண்டு கீழேயிருந்து போலீஸ் ஏறி வந்தது. அண்ணனைக் கூட்டிப் போனார்கள். அவன் திரும்பி வந்தபோது மிளகெல்லாம் பறிக்க ஆளில்லாமல் கொடியடியிலேயே உதிர்ந்து கிடந்தது. அவன் அம்மா ஆஸ்பத்திரி வாசலில் நின்று மண்ணை வாரி இறைத்தாள். டாக்டர் உள்ளே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இந்த மனிதரிடம்தான் பட்டாளத்தார் வந்து சேர்ந்தார்.

எங்கள் மலையிலேயே குண்டூர் நாட்டுக்காரர். பெரிய சண்டையில் பர்மா பக்கம் போய் வந்தவர். ஷெல் வெடித்ததில் இடது தொடையின் பின்பக்கம் காயம். பட்டாளத்தில் கட்டுப் போட்டார்கள், தைத்தார்கள், சண்டை முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அனுப்பும்போது கொடுத்த காகிதத்தில் ‘சதைக்காயம், ஆறிவிட்டது’ என்று எழுதியிருந்தது. காயம் ஆறித்தான் இருந்தது. உள்ளே ஏதோ இருந்தது. ஏர் பிடித்து அரை நாள் நடந்தால் அந்தக் காலைத் தூக்க முடியாது. மேட்டில் ஏறும்போது வலியில் அப்படியே உட்கார்ந்துவிடுவார். மலையில் பிறந்தவனுக்கு மேடு ஏற முடியாவிட்டால் என்ன இருக்கிறது?

ஊனப் பென்ஷனுக்கு மனுப் போட்டார். தள்ளிவிட்டார்கள். அப்பீல் போட்டார். திரும்பி வந்தது. பழுப்புக் கவரை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வருவார். நான் படித்துச் சொல்வேன். எந்தக் கடிதமானாலும் கடைசி வரி ஒன்றுதான்: ‘மேற்கொண்டு மருத்துவச் சான்றுடன் திரும்ப அனுப்பவும்.’

எங்கள் ஆஸ்பத்திரியில் முன்பிருந்த டாக்டர் நல்ல மனிதர். சண்டையில் பட்ட காயம்தான் என்று தாராளமாக எழுதிக் கொடுத்தார். அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டு அதையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் பதில் எழுதுவதற்குள் மாற்றலாகிப் போய்விட்டார்.

புது டாக்டர் பட்டாளத்தாரை ஒரு காலை முழுக்கப் பார்த்தார். இரண்டு தொடையையும் டேப்பால் சுற்றி அளந்தார். வராந்தாவில் நடக்கச் சொன்னார், திரும்பி நடக்கச் சொன்னார், வியர்த்து ஊற்றும்வரை நடக்கவிட்டார். பிறகு எழுதினார்: ‘இடது தொடை வலதைவிட மெலிந்திருக்கிறது. பின்புறம் பழைய தழும்பு. நடந்தால் வலிப்பதாகச் சொல்கிறார். தழும்பு எதனால் வந்தது என்று எனக்குத் தெரியாது.’

நான் அதைத் தமிழில் சொன்னதும் பட்டாளத்தார் எழுந்துவிட்டார்.

“ஏனுங்க ஐயா, அப்ப நானு பொய் சொல்லிக்கிட்டுத் திரியறனுங்களா?”

“நீ பொய் சொல்றேன்னு நான் எழுதலை.”

“நெசம்னும் எழுதலீங்களே!”

“நான் அங்கே இல்லையே.”

“அங்க இருந்தவனெல்லாம் செத்துப் போயிட்டானுங்க. அவனுகளையா கூட்டியார்றது?”

டாக்டர் பேனாவை எடுத்தார். சேலத்துக்குப் போய் எக்ஸ்ரே எடுக்கும்படி ஒரு சீட்டு எழுதி மேஜையில் தள்ளினார். பட்டாளத்தார் அதை எடுத்துக்கொண்டு, வெளியே போகும்வரை பொறுத்திருந்து காறித் துப்பினார்.

அவர் மனைவி கூடப் போனாள். மலையிறங்கி, பஸ் பிடித்து, மூன்று நாள் காத்துக் கிடந்து படம் எடுத்து வந்தார்கள். படத்தில் எலும்புக்குப் பக்கத்தில் புளியங்கொட்டை அளவுக்கு வெள்ளையாக ஒன்று தெரிந்தது. அங்கே இருந்த பெரிய டாக்டர், அது நரம்பை ஒட்டி இருக்கிறது, தொடாமல் இருப்பதே நல்லது என்று சொல்லி அனுப்பியிருந்தார். படத்தை அப்பீலுடன் வைத்து அனுப்பினோம். இனி என்ன கேட்க இருக்கிறது என்று நானும் நம்பினேன்.

நாலு மாதம் கழித்துப் படத்தோடு பழுப்புக் கவர் திரும்பி வந்தது. படத்தில் தெரிவது உலோகம் என்பதை ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஆனால் மலைவாசிகள் காட்டுப்பன்றி வேட்டைக்கு நாட்டுத் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள் என்றும், அது பட்டாளத்திலிருந்து வந்த பிறகு பாய்ந்த ஈயக்குண்டாக இருக்கலாம் என்றும் எழுதி, கடைசியில் அதே வரி.

பட்டாளத்தார் கத்தவில்லை. என் கையிலிருந்து கடிதத்தை வாங்கி, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. பிறகு நேராக டாக்டர் அறைக்குள் போனார்.

“அறுத்து எடுங்க ஐயா.”

“என்னது?”

“உள்ள இருக்கறதுங்க. வெளிய எடுத்து, ஈயமா இரும்பான்னு பாத்து எழுதுங்க. பாக்காம எழுத மாட்டீங்கல்ல? பாருங்க.”

டாக்டர் படத்தை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். “நரம்பு பக்கத்துல இருக்கு. கால் போனாலும் போகும்.”

“போனாப் போவட்டுங்க. இதை வெச்சுக்கிட்டு மட்டும் எங்க ஓடப் போறேன்?”

டாக்டர் படத்தைக் கீழே இறக்கினார். மூன்று நாள் அந்தப் படத்தை ஜன்னல் கம்பியில் செருகிவைத்து, போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டிருந்தார். நாலாம் நாள் கத்திகளைக் கொதிக்க வைக்கச் சொன்னார். பட்டாளத்தாருக்காகச் செய்தாரா, உள்ளே இருப்பதைப் பார்த்துவிட வேண்டும் என்ற தன் ஆசைக்காகச் செய்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டாவதுதான் என்று அன்றைக்கு நினைத்தேன். அந்த மூன்று நாளும் அவர் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

காலை பத்து மணிக்கு ஆரம்பித்தோம். மேஜையை ஜன்னலடியில் இழுத்துப் போட்டு, மரத்துப்போகும் ஊசி போட்டு, பட்டாளத்தாரைக் குப்புறப் படுக்க வைத்தோம். ஊசி எட்டிய ஆழத்துக்கு மேலும் கத்தி போகவேண்டியிருந்தது. பட்டாளத்தார் துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். வெளியே அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். ஒரு சத்தமும் கேட்கவில்லையே என்று பயந்து இரண்டு தரம் கதவைத் தட்டினாள்.

கடைசியில் இடுக்கியில் வந்தது. கறுப்பாக, ஒரு பக்கம் கிழித்த தகரம் போல ஓரமிருந்தது. ஈயக்குண்டு உருண்டையாக இருக்கும், நகத்தால் கீறினால் தடம் விழும் என்று எனக்கே தெரியும். டாக்டருக்கு அது போதவில்லை. காந்தம் வேண்டும் என்றார். மலையிலேயே பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் ஒரு காந்தம் இருந்தது. நான் ஓடினேன்.

“அந்தாளுக்கா? குடுக்க முடியாது” என்றார் வாத்தியார்.

“அவருக்கு இல்லீங்க. பட்டாளத்தாருக்கு.”

எழுந்து அலமாரியைத் திறந்து கொடுத்தார். கொடுத்துவிட்டுத் தானும் கூட வந்தார். கழுவி வைத்திருந்த உலோகத் துண்டின் பக்கத்தில் டாக்டர் காந்தத்தைக் கொண்டுபோனார். அது துள்ளிப் போய் ஒட்டிக்கொண்டது.

“இரும்பு” என்றார் டாக்டர்.

குப்புறப் படுத்திருந்த பட்டாளத்தார் வாயிலிருந்த துணியைத் துப்பிவிட்டுச் சிரித்தார். வாத்தியாரும் சிரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஒரு நிமிஷம் அந்த டாக்டர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

மறுநாள் காலை கட்டு மாற்றப் போனபோது பட்டாளத்தார் இடது பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “பாய், இந்தக் கட்டவெரலு மேல வர மாட்டேங்குதே” என்றார். பாதம் முழுக்கத் தொங்கியிருந்தது. ஒரு வாரத்தில் சரியாகும் என்றேன். ஒரு மாதத்தில் என்றேன். ஆகவில்லை. முன்பு வலித்தாலும் ஊன்றி நடந்தவர், இப்போது தடியூன்றி, பாதத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டு நடந்தார்.

இரும்பை மருந்து டப்பியில் பஞ்சு வைத்து மூடி, சான்றுடன் அனுப்பினோம். பதில் வந்தது. உலோகத் துண்டு யுத்தத்தில் பாய்ந்ததே என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆனால் அது இப்போது அகற்றப்பட்டுவிட்டதால், அதனால் இன்னமும் ஊனம் இருக்கிறதா என்பதற்கு மேற்கொண்டு மருத்துவச் சான்றுடன் திரும்ப அனுப்பவும்.

இந்தத் தடவை நானே உட்கார்ந்து பாரத்தில் சான்றை எழுதினேன். இடது பாதம் தொங்குகிறது. தடியில்லாமல் நடக்க முடியாது. வேலை செய்ய முடியாது. இரும்பு இருந்த இடமும் பாதத்துக்குப் போகும் நரம்பு ஓடும் இடமும் ஒன்றே. ஒவ்வொரு வரியும் அவர் கண்ணால் பார்த்தது. ஒரு பொய் இல்லை. டாக்டர் படித்தார், தலையை ஆட்டினார், பேனாவை எடுத்து அடியில் ஒரு வரி சேர்த்தார். ‘அறுவைக்கு முன் பாதம் தொங்கவில்லை. அறுக்கும்போது நரம்பு சேதமாயிற்று. அறுத்தவன் நான்.’

“சார், இதை எழுதினா பென்ஷன் போச்சு சார். பட்டாளத்துல வந்த ஊனம் இல்லை, ஆஸ்பத்திரியில வந்ததுன்னு தள்ளிருவாங்க.”

“தள்ளலாம்.”

“உங்க வேலைக்கும் ஆபத்து சார்.”

“இருக்கலாம்.”

“இந்த ஒரு வரியை விட்டுருங்க சார். விட்டா அது பொய்யாகாது.”

“அது என் கண் முன்னால நடந்தது” என்றார். “என் கையால நடந்தது.”

பட்டாளத்தாரும் மனைவியும் வராந்தாவில்தான் இருந்தார்கள். கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். பட்டாளத்தார் பாதத்தை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார். எத்தனையோ கவர் திரும்பி வந்தும் யாரிடமும் கெஞ்சாத மனிதர் அவர். அன்றைக்குத் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, இரண்டு கையையும் கூப்பினார்.

“அந்த ஒரு வரி வேண்டாமுங்க சாமி. நானு உங்கமேல ஒரு குத்தமும் சொல்லலீங்க. அறுக்கச் சொன்னவன் நான்தானுங்க.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொண்டார். ஸ்கேலை வைத்து ‘நம்பிக்கை’யை அடித்தார். கையெழுத்துப் போட்டார்.

பட்டாளத்தாரின் மனைவி டாக்டரைப் பார்க்கவே இல்லை. என்னிடம்தான் சொன்னாள். “பாய், இந்தாளு தம் மனசு சுத்தமா இருக்கோணும்னு எங்க சோத்துல கைய வெக்கறாருங்க.”

அதைவிடச் சரியாக அவரைப் பற்றி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

தபால் பை என் பொறுப்பு. அந்தச் சான்றை இரண்டு நாள் என்னிடமே வைத்திருந்தேன். மூன்றாம் நாள் ஒரு புதுப் பாரம் எடுத்து, முன்பு நான் எழுதியதை அப்படியே எழுதினேன், அந்த வரியில்லாமல். ஸ்கேல் வைத்து ‘நம்பிக்கை’யை அடித்தேன். மூன்று வருஷமாகத் தினமும் பார்த்த டாக்டரின் கையெழுத்து. அதையும் போட்டேன், கோணவில்லை. கவரை ஒட்டி அனுப்பிவிட்டேன். அசலைக் கிழித்துப் போட்டேன். பட்டாளத்தாரிடமும் சொல்லவில்லை.

மழைக்காலம் முடியும்போது உத்தரவு வந்தது. பென்ஷன் மஞ்சூர், கேட்டபடியே கொடுத்துவிட்டார்கள். பட்டாளத்தாருக்கு ஒன்று, ஆஸ்பத்திரிக்கு ஒரு பிரதி. எந்தச் சான்றின்பேரில் கொடுக்கப்பட்டது என்று பிரதியில் வரிக்கு வரி எடுத்து எழுதியிருந்தார்கள். அந்தப் பிரதியை நான் மறைத்திருக்கலாம். ஆனால் அன்று பார்த்து டாக்டர் தானே பையைப் பிரித்துவிட்டார்.

படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். நான் மருந்து அலமாரிப் பக்கம் நின்றிருந்தேன். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஜெயில் என்றால் வீட்டில் என்ன சொல்வது என்றுதான் மனசில் ஓடியது.

“நான் எழுதினதுல ஒரு வரி குறையுது” என்றார், என்னைப் பார்க்காமல்.

நான் அலமாரியில் இருந்த சீசாக்களை நகர்த்தி வைத்தேன்.

அவர் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். ஒரு பக்கம் எழுதினார். என்ன எழுதுகிறார் என்று கேட்கவேண்டியதில்லை. மடித்து, கவரில் போட்டு, ஒட்டி, பென்ஷன் ஆபீஸ் விலாசத்தை எழுதினார். எழுந்து வந்து என் முன்னால் நீட்டினார்.

“தபால்ல சேர்த்துடுங்க.”

“சார்…”

“இன்னைக்கே போகட்டும்.”

சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய், வரிசையில் நின்றிருந்த ஒரு பெண்ணின் குழந்தையை வாங்கி, அதன் காதைப் பார்க்க ஆரம்பித்தார். நெடுநேரம் பார்த்தார்.

கத்தி கொதிக்க வைக்கும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நான் கவரைப் பிரிக்கக்கூட இல்லை. அப்படியே உள்ளே வைத்தேன்.

அதற்காக அவரை எனக்குப் பிடித்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் எழுதவேண்டியதை எழுதிவிட்டார்; எரிக்கிற வேலையை என் கையில் கொடுத்துவிட்டார். அவர் மனசு சுத்தமாகவே இருந்தது. ரிடையர் ஆகும்வரை எந்தப் பழுப்புக் கவர் வந்தாலும் அதைக் கடைசியாகத்தான் பிரிப்பேன்.

அடுத்த வருஷம் அவருக்கு மாற்றல் வந்தது. இறங்கும் நாளில் வழியனுப்ப ஒருவரும் வரவில்லை. பட்டாளத்தாரின் கொல்லையை ஒட்டித்தான் பாதை. டாக்டர் அங்கே நின்று, கொல்லையில் உட்கார்ந்திருந்த பட்டாளத்தாரின் காலைப் பார்த்தாராம். “நட” என்றாராம். பட்டாளத்தார் எழுந்து, பாதத்தைத் தேய்த்துக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பெட்டி தூக்கிப் போனவன் வந்து சொன்னான்.

எந்த ஆபீசுக்கு எழுதினாலும் ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் நினைவூட்டுக் கடிதம் போடச் சொல்வார் அவர். பஞ்சு வராவிட்டால்கூட மூன்று நினைவூட்டு போகும். அந்தக் கவரை என்னிடம் கொடுத்த பிறகு ஏழெட்டு மாதம் அதே அறையில் என்னோடு வேலை செய்தார். அந்தக் கடிதத்துக்குப் பதில் வந்ததா என்று மட்டும் அவர் ஒருநாளும் கேட்கவில்லை.